பாதி இறக்கிய ஷட்டர்

"மேல் சிகிச்சைக்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்." இந்த ஒரு வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த 30 படுக்கை தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருடம் இரவு ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். பத்து மணி ஆனதும் முன்பக்க ஷட்டரைப் பாதி இறக்குவது என் வேலைகளில் ஒன்று. உள்ளே படுத்திருப்பவர்களுக்குக் கஞ்சியோ வெந்நீரோ கொண்டு வருகிறவர்கள் குனிந்து நுழையும் அளவுக்கு இடம் விட்டிருப்போம். அந்தப் பாதி ஷட்டருக்கு என்ன அர்த்தம் என்று ஊர்க்காரர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புதிதாக வரும் அவசரக் கேஸை இனி எடுக்க மாட்டோம்.

அப்படியும் யாராவது வந்துவிட்டால், மாடியில் இருக்கும் டாக்டருக்குப் போன் போடுவேன். "என்ன கேஸ்?" என்று கேட்பார். விபத்து, விஷம், பாம்புக்கடி, நெஞ்சுவலி இவற்றில் எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: "ரெஃபர் எழுதிக் கொடுத்துரு." நான் எழுதுவேன், நர்ஸ் சீல் வைப்பார். வந்தவர்கள் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பவும் ஆட்டோவில் ஏறுவார்கள். சீட்டில் பெயர், வயது, அந்த ஒரு வரி. பி.பி. பார்த்தோமா, மருந்து கொடுத்தோமா, எத்தனை மணிக்கு வந்தார் என்று எதுவும் இருக்காது. ஏனென்றால் நாங்கள் எதுவும் செய்திருக்க மாட்டோம்.

அந்த வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. அந்தச் சீட்டின் மறுபக்கத்தைப் போன வருடம் ஐப்பசி மாதத்தில்தான் பார்த்தேன்.

என் தாய்மாமா ரப்பர் வெட்டுக்காரர். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் தோட்டத்துக்குப் போவார். ராத்திரி முழுக்கப் பெய்த மழை விட்டிருந்த ஒரு விடியலில், இறக்கத்தில் வண்டி வழுக்கி, ரோட்டோரக் கலுங்கில் மோதி விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. பின்னால் வந்த இன்னொரு வெட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். 108-க்குப் போன் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும் முன்பே பக்கத்து வீட்டு ஆட்டோ வந்துவிட்டது. தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் கிரில் கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் டார்ச் அடித்து ஆட்டோவுக்குள் பார்த்தார். நர்ஸ் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னார்: "ஆக்ஸிடென்ட் கேஸ் இங்க எடுக்க மாட்டோம் அண்ணாச்சி. போலீஸ் கேஸாயிரும். ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டு போங்க." ஆசாரிப்பள்ளம் என்றால் அங்கே இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரர் போனில் எனக்கு இதைச் சொன்னபோது வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. அதே சொற்கள், அதே வரிசை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஆறு வருடம் நான் சொன்ன பதில் அது.

இரண்டாவது ஆஸ்பத்திரி இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ளி. அதுவும் சின்ன இடம்தான், நான் வேலை பார்த்ததை விடச் சின்னது. ஆபரேஷன் தியேட்டர் இருந்தாலும் எலும்பு டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். ஆனால் டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், படிப்பு முடித்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும், கீழே இறங்கி வந்து ஆட்டோவுக்குள்ளேயே மாமாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "உள்ள எடுங்க. ஆபரேஷன் நமக்கு இங்க முடியாது. ஆனா இப்படியே அனுப்ப மாட்டேன்." நான் போய்ச் சேரும்போது இரண்டு கையிலும் ஊசி ஏற்றி ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த காலைப் பலகை வைத்து நேராகக் கட்டியிருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். பி.பி. 90-க்கு 60.

தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே ஒரு லிட்டருக்கு மேல் தசைக்குள் இறங்கிவிடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆடாமல் கட்டினால் வலியும் குறையும், உள்ளே கசியும் ரத்தமும் குறையும். குண்டும் குழியுமான ரோட்டில், ஆட்டோவின் குறுக்குச் சீட்டில், காலைத் தொங்கவிட்டபடி 30 கிலோமீட்டர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

அதற்கு அப்புறம் அந்த டாக்டர் செய்ததுதான் எனக்கு முக்கியம். 108-ஐ வரச் சொல்லிவிட்டு, அரசு மருத்துவமனை கேஷுவால்ட்டிக்கு அவரே போன் போட்டார். "ஆண், 52 வயசு, ரைட் ஃபீமர் ஃப்ராக்சர், தலையில அடி இல்ல, நெனவு நல்லா இருக்கு, பி.பி. 90, ரெண்டு லைன் போட்டிருக்கு. ரத்தம் வேண்டியிருக்கும். முக்கால் மணி நேரத்துல வருவாங்க." பிறகு ஒரு முழுப் பக்கம் எழுதினார். எத்தனை மணிக்கு விழுந்தார், எத்தனை மணிக்கு இங்கே வந்தார், என்ன மருந்து, எவ்வளவு அளவு, எப்போது. மொத்தம் 25 நிமிடம். பில் 1,150 ரூபாய்.

கேஷுவால்ட்டி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. அங்கிருந்த டாக்டர் அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பக்கத்தில் நின்றவரிடம், "க்ராஸ்மேட்ச்சுக்கு அனுப்பு, எக்ஸ்ரே அப்புறம் பாக்கலாம்" என்றார். என்னைப் பார்த்து, "யாரு எழுதினது? நல்லா எழுதியிருக்காங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலை ஆறு மணியிலிருந்து சாயந்திரம் நாலு மணி வரை அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்காக ஓட வேண்டிய ஓட்டமெல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து எடுக்கிறார்கள். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். நடந்து வந்து உட்காரக்கூடியவர் பச்சை. நல்ல ஏற்பாடு. ஆனால் நிறம் பிரிப்பதற்கும் ஒரு ஆள் பார்த்தாக வேண்டும். பச்சைக்கு ஒதுங்குகிறவர் பின்னாலேயே அவருடைய ஐந்து சொந்தக்காரர்கள் "எங்களை எப்பப் பாப்பீங்க?" என்று சிவப்புப் பகுதி வாசலுக்கு வந்து நிற்கிறார்கள்.

கைவிரலில் கண்ணாடி கிழித்த ஒரு பையன் வந்தான். மூன்று தையல் போதும். அவன் ஊரில் மூன்று தனியார் ஆஸ்பத்திரி உண்டு. பாட்டில் உடைந்து கிழித்தது என்றதும் அடிதடிக் கேஸாக இருக்குமோ என்று மூன்றிலும் அனுப்பிவிட்டார்கள். குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தாய், காய்ச்சல் குழந்தையோடு விடியற்காலையிலேயே வந்திருந்தார். வழக்கமாகக் காட்டும் கிளினிக் ராத்திரி ஒன்பதுக்கு மூடிவிடும். தென்னையிலிருந்து விழுந்த ஒருவரைக் கழுத்தை அசைக்காமல் ஆறு பேர் சேர்ந்து மாற்றிக்கொண்டிருந்தபோது, தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று ஒரு முதியவரைக் கொண்டு வந்தது. ஒன்பது நாள் ஒரு தனியார் ஐ.சி.யூ.வில் இருந்தவர். கையிருப்பு தீர்ந்தது, மகளின் நகையும் தீர்ந்தது, பத்தாம் நாள் "மேல் சிகிச்சைக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். வருகிறார் என்று ஒரு போன்கூட யாரும் செய்யவில்லை. மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கையால் அழுத்திக்கொண்டே வந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, "வென்டிலேட்டர் இருக்கா?" என்று கேட்டார். அவர் கையில் இருந்த சீட்டைப் பார்த்தேன். வேறு ஆஸ்பத்திரி, வேறு சீல், ஆனால் எழுதியிருந்தது என் வரி.

அரசு மருத்துவமனையில் கூட்டம், கூட்டம் என்கிறோம். அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். பாதி இறக்கிய ஷட்டர்களிலிருந்து வருகிறது. வந்தவரை அனுப்பிவைக்கும் உரிமை தனியாருக்கு இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியாக நிற்கும் இடத்துக்கு அப்படி ஒரு எண்ணமே வர முடியாது. அங்கே ஷட்டரே கிடையாது.

நம் மாவட்டத்துக்கு இது பொருந்தாத நடைமுறை என்பது என் எண்ணம். ஆசாரிப்பள்ளத்தில், பழைய காசநோய் ஆஸ்பத்திரி இருந்த இடத்தில், அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2001-ல்தான். அதற்கு நூறு வருடத்துக்கு முன்னாலேயே இங்கே அரசு சாராத ஆஸ்பத்திரிகள் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கின்றன. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838-ல் ஆரம்பித்தது. நாகர்கோவில் வடசேரியில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் ஆஸ்பத்திரியின் வேர் 1890-களுக்குப் போகிறது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் போன ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், அது முடிந்து நெய்யூருக்கு வந்து பார்த்தார். ஒற்றை ஆளாக ஒரு சர்ஜன் அத்தனை நோயாளிகளோடு திணறிக்கொண்டிருந்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு சாமர்வெல் இங்கேயே தங்கினார். எங்கள் பாட்டி காலத்து ஆட்களுக்கு "நெய்யூருக்குப் போ" என்றால் அது உயிர் பிழைக்கப் போவது. தனியார் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் இருந்த முதல் அர்த்தம் அது. பாதி ஷட்டர் எல்லாம் பின்னால் வந்தது.

சரி, ஏன் மூடுகிறார்கள்? நான் உள்ளே இருந்தவன். பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட என்னால் முடியாது. நான் பார்த்தவரை பயம்தான் அதிகம்.

முதல் பயம் போலீஸ். விபத்து, அடிதடி, விஷம் என்றால் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேடு எழுத வேண்டும், ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், வருடம் கழித்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இந்தப் பயத்துக்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே பதில் சொல்லிவிட்டது. ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி அடிபட்டார். கொண்டு போன ஆஸ்பத்திரியில், போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை வைத்துத்தான் பரமானந்த் கட்டாரா வழக்கு தொடரப்பட்டது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பது முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பின்னால்தான் என்று தீர்ப்பு வந்தது. முப்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. என் மாமா கேட்ட பதில் இன்னும் 1989-க்கு முந்தையது. அடிபட்டவரைத் தூக்கி வருகிறவருக்கும் இப்போது பாதுகாப்பு உண்டு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும், உதவி செய்தவரைப் பெயர் சொல்லவோ சாட்சிக்கு வரவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன. எந்த ரிசப்ஷனிலும் இதை ஒட்டி வைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பயம் கூட்டம். நோயாளி இறந்துவிட்டால் நாற்பது பேர் வந்து கண்ணாடியை உடைப்பார்கள். நான் இருந்த இடத்தில் ஒருமுறை நடந்தது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். 2008-லேயே இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்து சேரும் முன் கல் வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் தப்பு நம் பக்கம். டூட்டியில் இருக்கும் அந்தச் சின்னப் பெண் டாக்டரின் கதவை ஒரு தடவை உடைத்தால், அடுத்த நூறு ராத்திரிக்கு அந்தக் கதவு திறக்காது. ஊர்ப் பெரியவர்கள், கோவில் கமிட்டி, பங்குப் பேரவை எல்லாம் பேச வேண்டிய விஷயம் இது.

மூன்றாவது, பணம். கையில் காசில்லாமல் வருகிறவருக்கு யார் கொடுப்பது? விபத்துக்கு இன்றைக்கு இந்தக் கேள்வி எழவே கூடாது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. ஆரம்பத்தில் 1 லட்சம் ரூபாய் வரை, பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். காப்பீட்டு அட்டை வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாப் பேருந்துகளையும் களியக்காவிளை எல்லையையும் வைத்திருக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! தொடங்கும்போதே இதில் சேர்ந்திருந்தவை 609 மருத்துவமனைகள்: 201 அரசு, 408 தனியார். அதாவது, தனியார் இல்லாமல் இது நடக்காது என்று அரசே ஒப்புக்கொண்ட திட்டம். 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு இதே மாதிரி ஒன்றை அறிவித்துவிட்டது.

பில் போட்ட அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். காப்பீட்டில் பார்த்த கேஸுக்குப் பணம் வர மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறோம். 30 படுக்கை ஆஸ்பத்திரியில் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டிய தேதி காத்திருக்காது. பெரிய ஆஸ்பத்திரிகள் தாங்கும், சின்னவை தாங்காது. அவசரச் சிகிச்சைக்கான தொகை மட்டுமாவது பதினைந்து நாளில் கைக்கு வந்தால், ஷட்டரைத் திறந்து வைக்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

சின்ன ஆஸ்பத்திரிகளிடம் நான் கேட்பது பெரிய ஆபரேஷன் இல்லை. முதல் ஒரு மணி நேரம் மட்டும்தான். அதற்கு எவ்வளவு செலவாகும் என்று பாருங்கள்.

மாமாவுக்கு அந்த டாக்டர் போட்டவற்றில் டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற ஒரு ஊசியும் உண்டு. ரத்தக் கசிவைக் குறைக்கும் மலிவான மருந்து. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளை வைத்துப் பல நாடுகளில் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. இதைக் கொடுத்தவர்களில் இறப்பு குறைந்தது. ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு மேல் போனால் பலன் இல்லை, கெடுதலும் வரலாம். பேச்சிப்பாறை மேலேயிருந்து நாகர்கோவில் வர 40 கிலோமீட்டருக்குக் குறையாது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் கல்யாண முகூர்த்த நாளில் அந்த ரோட்டைத் தாண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று மணி நேரம் என்பது இந்த மாவட்டத்தில் ரொம்ப நீளம் இல்லை.

நெஞ்சுவலிக்கு வருவோம். நம் ஊரில் அதற்கு முதல் பெயர் வாயு. இரண்டு பூண்டு சுட்டுத் தின்று, ஓமத் தண்ணீர் குடித்து, விடிந்ததும் பார்க்கலாம் என்று படுப்பார்கள். அதையும் தாண்டி ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒருவர் எங்கள் ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்திருக்கிறார் என்றால், வலி அவ்வளவு இருந்திருக்க வேண்டும். ஈ.சி.ஜி. மிஷின் எங்களிடம் இருந்தது. அதை எடுக்கப் பத்து நிமிடம். எடுத்து ஹார்ட் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிடம். அட்டாக் என்றால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுக்கலாம். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் துணை சுகாதார நிலையத்திலேயே இந்த மூன்றும் சேர்ந்து 14 மாத்திரைகள் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கிராமத்துத் துணை சுகாதார நிலையம் செய்யக்கூடியதை, ஈ.சி.ஜி.யும் ஆக்ஸிஜனும் டாக்டரும் இருந்த நாங்கள் செய்யவில்லை. அன்றைக்கு வந்தவருக்கும் நான் சீட்டுத்தான் எழுதினேன். அவர் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. போன் செய்து கேட்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை. அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார்.

பாம்புக்கடி இன்னும் மோசம். ரப்பர் தோட்டமும் அன்னாசியும் உள்ள மேற்குப் பகுதியில் இது வருடம் முழுவதும் உண்டு. கடித்தது ரத்தத்தைக் கெடுக்கும் விஷமா என்று பார்க்கப் பெரிய லேப் வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வழியில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி முதல் தவணையைப் போட்டு, மூச்சு திணறினால் குழாய் போட்டு, கூடவே ஒரு நர்ஸை அனுப்பினால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் சேர்த்துச் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் மூக்கு மேலே தூக்கிய ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. அதன் விஷம் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம், அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. கடித்த பாம்பு எதுவென்று தெரியாதபோது, முதலில் பார்த்தவர் அந்த 20 நிமிடச் சோதனையின் முடிவைச் சீட்டில் எழுதி அனுப்புவது அடுத்த டாக்டருக்கு எவ்வளவு உதவும்!

கவனித்திருப்பீர்கள். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு போன், ஒரு முழுப் பக்கத் தாள். கஷ்டமானது டாக்டர்தான். ஒவ்வொரு சின்ன ஆஸ்பத்திரியும் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஒரு டாக்டரை வைத்துக்கொள்வது முடியாத காரியம் என்று எனக்குத் தெரியும். சம்பளக் கணக்கை நானே போட்டிருக்கிறேன்.

அதற்கு நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தண்ணீர் குறைந்தால் பேச்சிப்பாறைத் தண்ணீரை முறை வைத்து விடுகிறோம், இன்றைக்கு இந்தக் கால்வாய், நாளைக்கு அந்தக் கால்வாய் என்று. ராத்திரியையும் அப்படி முறை வைக்கலாம். தக்கலை சுற்றி ஐந்து ஆஸ்பத்திரி, மார்த்தாண்டம் சுற்றி ஐந்து, குளச்சல் பக்கம் மூன்று என்று சேர்ந்துகொண்டு, திங்கள் ராத்திரி ஒருவர், செவ்வாய் இன்னொருவர். முறை உள்ள இடத்தில் அன்றைக்கு முழு ஷட்டரும் திறந்திருக்கும், டாக்டர் கீழேயே இருப்பார். எந்த ராத்திரி எது என்ற பட்டியல் 108-க்கும், ஆட்டோ ஸ்டாண்டுகளுக்கும், கடற்கரைப் பங்குக் கோவில்களுக்கும், தோட்டங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். தூத்தூர், இரவிபுத்தன்துறைக்காரர்கள் திருவனந்தபுரத்துக்கு ஓடுவதா நாகர்கோவிலுக்கு ஓடுவதா என்று ரோட்டில் நின்று யோசிக்கும் நேரம் மிச்சமாகும். விரல் கிழிந்த பையனுக்கும் காய்ச்சல் குழந்தைக்கும் அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் இருவரும் வராத வராந்தாவில், தென்னையிலிருந்து விழுந்தவருக்கு ஒரு டாக்டரின் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

திரும்பி வரும் பாதையும் வேண்டும். மாமாவுக்கு ஆபரேஷன் முடிந்து கம்பி வைத்த பிறகு, ஒரு வாரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது கட்டு மாற்றுவதும், ஊசியும், காலை மடக்கி நீட்டச் சொல்லித் தருவதும்தான். அதற்காக மெடிக்கல் காலேஜில் ஒரு படுக்கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. அந்த இரண்டாவது ஆஸ்பத்திரியே, "இங்க கூட்டிட்டு வாங்க, நாங்க பாத்துக்கிடுறோம்" என்றது. மாமி தினமும் வீட்டிலிருந்து நடந்துபோய்ச் சோறு கொடுத்தார். மெடிக்கல் காலேஜில் காலியான கட்டிலில் அன்று மத்தியானமே வேறு ஒருவரைப் படுக்க வைத்தார்கள். இப்படித் தினம் பத்துப் பேரைச் சின்ன ஆஸ்பத்திரிகள் திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷனுக்குத்தான் நல்ல தொகை. தேறி வரும் நாட்களுக்கும் அப்படி ஒன்று ஒதுக்கினால், சின்ன ஆஸ்பத்திரிகள் விருப்பத்தோடு செய்யும்.

ஒன்பது நாள் ஐ.சி.யூ. முதியவரைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் தீரும் வரை வைத்திருந்து, தீர்ந்த அன்றைக்கு அனுப்புவது எந்தக் கணக்கிலும் சேராது. மூன்றாம் நாளே வீட்டாரை உட்கார வைத்து, "இன்னும் இவ்வளவு ஆகும், உங்களால் முடியாது என்றால் இப்போதே அரசு மருத்துவமனையில் பேசி இடம் கேட்கிறோம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மகளின் நகை மிஞ்சியிருக்கும்.

போன மாதம் நான் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒத்தைக்கு என்னால முடியாது. எத்தனை பேர் சேருவாங்க?" என்று கேட்டார். அந்த வட்டாரத்தில் இன்னும் ஐந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் முடியாது என்றார்கள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு பேர் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்று, அன்றைக்கு மாமாவுக்குக் கிரில் கதவு திறக்காத இடம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பேசுகிறோம். மாமா இப்போது கம்பு ஊன்றாமல் நடக்கிறார், ரப்பர் வெட்டப் போகவும் ஆரம்பித்துவிட்டார். கூட வருகிறேன் என்கிறார். அந்தப் பெண் டாக்டர் எழுதிய முழுப் பக்கத் தாளின் நகல் ஒன்று, எக்ஸ்ரே உறைக்குள் இருந்தது. அதைத் தேடி எடுத்து மடிப்பு நீவி என்னிடம் கொடுத்தார். "மக்கா, இதக் காட்டு மொதல்ல" என்றார்.